முழங்காலில் அலையும் மனம்

விட்டன்பெர்க் நகரத்தில் பீட்டர் பெஸ்கென்டோர்ஃப் என்றொரு நாவிதர் இருந்தார். மார்ட்டின் லூதருக்கு முடி திருத்துபவர், நெடுநாள் நண்பரும்கூட. எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு லூதர் 1535-இல் ஒரு சிறு நூலையே எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். வேதாகமத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த பேராசிரியர் அந்த நூலை இறையியலிலிருந்து தொடங்கவில்லை. வேலைகளும் வேறு சிந்தனைகளும் சேர்ந்து ஜெபத்தில் விருப்பமே இல்லாமல் போகும்போது தான் என்ன செய்கிறேன் என்பதிலிருந்து தொடங்குகிறார். சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய், பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சின்னப் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லுவாராம்.

‘இந்த வேலையை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம்’ என்று மனம் சொல்லும் சாக்கை நம்பாதே என்கிறார். கவனம் என்றால் என்ன என்பதை விளக்க, நண்பரின் தொழிலையே எடுத்துக்கொள்கிறார். நாவிதர் கத்தியிலும் முடியிலும் கண் வைக்காமல் வாயடித்துக்கொண்டு இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கோ கழுத்தோ போய்விடும் அல்லவா? அடுத்து ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறார். ஒரு கட்டளையை எடுத்துக்கொள். அது என்ன கற்றுக்கொடுக்கிறது, அதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது, அறிக்கையிட என்ன இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது என்று நான்கு விதமாகப் பார். நடுவில் ஓர் எண்ணம் உன்னை இறுகப் பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிட்டு அதற்குக் காதுகொடு.

அதே ஆண்டு மார்ச் மாதம் அந்த நாவிதர் ஒரு விருந்தில் தன் மருமகனைக் குத்திக் கொன்றார். லூதரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. ஜெபத்தைப் பற்றிய புகழ்பெற்ற கையேடு ஒன்றின் முதல் வாசகருக்கு நேர்ந்தது இது. ஜெப முறைகளை விற்பவர்கள் இந்தப் பின்கதையைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

நம் ஊர்ச் சபைகளில் ஒருவரை ‘ஜெபிக்கிற மனுஷன்’ என்று சொன்னால் அதற்கு மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன: எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், எத்தனை பதில். முழு இரவு ஜெபம், நாற்பது நாள் உபவாச ஜெபம், அதன்பின் சாட்சி. இவற்றை இகழ்வதற்கில்லை. கண்ணீரோடு விடிய விடிய முழங்காலில் நிற்கும் தாய்மார்களின் விசுவாசத்தை எந்தக் கட்டுரையாளரும் எடைபோட முடியாது. ஆனால் ஜெப வாழ்க்கை ஆழமாவது பற்றிக் கிறிஸ்தவ மரபு ஏறக்குறைய 17 நூற்றாண்டுகளாக எழுதிவைத்திருப்பதை விரித்துப் பார்த்தால், இந்த மூன்று அளவுகோல்களும் அங்கே அநேகமாகக் காணோம். அங்கே திரும்பத் திரும்ப வருபவை வேறு இரண்டு: அலையும் மனம், வறண்ட மனம். ஜெபத்தின் குருக்கள் என்று மதிக்கப்படுபவர்களின் எழுத்தில் பெரும்பகுதி, ஜெபிக்க முடியாதபோது என்ன செய்வது என்பதைப் பற்றியதே.

எகிப்தின் பாலைவனத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை முதன்முதலாக நுணுக்கமாகப் பதிவு செய்தார். காலை பத்து மணி தொடங்கிப் பிற்பகல்வரை துறவியைப் பிடிக்கும் ஒரு சோர்வை அவர் விவரிக்கிறார். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகல் ஐம்பது மணி நேரம் போலத் தோன்றுகிறது. துறவி ஜன்னல் பக்கமாகப் பார்க்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து வெயிலை அளக்கிறார். யாராவது சகோதரர் தன்னைப் பார்க்க வருகிறாரா என்று அங்குமிங்கும் கண்ணை ஓட்டுகிறார். பிறகு இந்த இடமே சரியில்லை, வேறிடம் போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று தோன்றுகிறது. கைபேசி இல்லாத காலத்து மனிதரின் கதை இது என்று நம்புவது கடினம்.

இந்த நோய்க்குப் பாலைவனம் கண்ட மருந்து, சொற்களைக் குறைப்பது. எப்படி ஜெபிக்க வேண்டும் என்று அப்பா மக்காரியுஸிடம் கேட்டார்களாம். நீளமாகப் பேசத் தேவையில்லை, கைகளை விரித்து ‘ஆண்டவரே, உமது சித்தப்படி, உமக்குத் தெரிந்தபடி இரங்கும்’ என்று சொன்னால் போதும், போராட்டம் முற்றினால் ‘ஆண்டவரே, உதவும்’ என்று சொன்னால் போதும் என்பது அவர் பதிலின் சாரம். எவாக்ரியுஸின் வழியில் வந்த ஜான் கசியான் இன்னும் ஒரு படி போனார். எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையிலும் பயணத்திலும் தூக்கம் வரும்வரையிலும் அதையே உள்ளே ஓடவிடச் சொல்லிக்கொடுத்த ஒரு முதிய துறவியை அவர் அறிமுகப்படுத்துகிறார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடங்களுக்கு ஒழுங்கு எழுதியபோது அந்த வசனத்தை வேளை ஜெபங்களின் வாசலில் வைத்தார். இன்றும் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் திருப்புகழ் மாலையை அந்த வேண்டுதலோடுதான் தொடங்குகிறார்கள்.

பெனடிக்டின் ஒழுங்கில் 150 சங்கீதங்களையும் வாரத்துக்கு ஒருமுறை முடித்துவிட வேண்டும். இரவு ஒன்று, பகல் ஏழு என்று வேளைகளும் உண்டு. அதே மனிதர்தான், தனி ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும், தேவ கிருபை தூண்டினால் ஒழிய நீட்ட வேண்டாம் என்றும் எழுதினார். பொது ஜெபத்துக்கு நீளம், தனி ஜெபத்துக்குச் சுருக்கம்! நம்மிடம் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது.

கீழைத் திருச்சபையில் ஒற்றை வரி ஜெபம் தனி மரபாகவே வளர்ந்தது. இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒரு வாக்கியத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வது அத்தோஸ் மலைத் துறவிகளின் வழக்கம். பதினான்காம் நூற்றாண்டில் இதைச் சிலர் கேலி செய்தபோது கிரகோரி பாலமாஸ் இறையியல் நூல்கள் எழுதி வாதாடினார். இந்த மரபின் எழுத்துகளைத் திரட்டிய ‘பிலோகாலியா’ 1782-இல் வெனிஸ் நகரில் அச்சானது. அதன் சுவை பாமர மக்களுக்கும் போய்ச் சேர்ந்தது ஓர் அநாமதேய ரஷ்ய நூலால். 1884-இல் கசான் நகரில் வெளியான பதிப்பு வழியாக அது பரவியது. தோளில் காய்ந்த ரொட்டிப் பையும் மார்பில் வேதாகமமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு யாத்திரிகன், இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்று பவுல் எழுதியதைக் கேட்டுவிட்டு, அது எப்படி முடியும் என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறான். பிரசங்கிமார் ஜெபத்தின் மேன்மையைச் சொல்கிறார்களே ஒழிய, எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. கடைசியில் ஒரு முதிய துறவி சொல்லிக்கொடுக்கிறார்: நாளுக்கு 3,000 முறை, பிறகு 6,000, பிறகு 12,000.

இந்த எண்ணிக்கையைக் கண்டதும் சீர்திருத்த சபைக்காரர்களுக்கு முகம் சுளிக்கும். வீண் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசுவே எச்சரித்திருக்கிறாரே? நியாயமான கேள்விதான். அதே இயேசு கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு எழுதுகிறார் என்பதும் உண்மை. எண்ணிக்கையால் தேவனை வளைக்கலாம் என்று நினைப்பது வேறு, ஓடும் மனதுக்கு ஒரு நங்கூரம் கொடுப்பது வேறு. யாத்திரிகனின் குருவும் எண்ணிக்கையை முடிவாக வைக்கவில்லை. வாயிலிருந்து ஜெபம் இருதயத்துக்கு இறங்கியதும் எண்ணுவதை விட்டுவிடச் சொல்கிறார்.

உடலுக்கும் இதில் பங்கு உண்டு. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் உடன் பணியாற்றியவர்களும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீனில் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொன்னபோதும் ஒரு யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத்தின் தாளமும் அதற்கேற்ப ஒழுங்குபட்டது. செபமாலையைக் கையில் பிடித்த பாட்டிக்கு இது புதிய செய்தியாக இருக்காது. மந்திரத்துக்கும் அதே விளைவு என்பதால், மூச்சு அடங்குவதை வைத்து ஜெபம் ஆழமாகிவிட்டது என்று சொல்லவும் முடியாது.

சொல்லைக் குறைத்தால் மட்டும் போதாது. மனதுக்கு இரை வேண்டும். இந்த இடத்தில்தான் வேதவாசிப்பும் ஜெபமும் கைகோக்கின்றன. பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் அறியாதவர்கள் குறைவு. ஒரு பைசாவும் யாரிடமும் கேட்காமல், ஜெபித்தே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் என்பது பிரசங்கங்களில் அடிக்கடி வரும் கதை. அதே முல்லர் 1841-இல் எழுதிய ஒரு குறிப்பு பிரசங்கங்களில் வருவதில்லை. அதுவரை பல ஆண்டுகள் காலையில் எழுந்ததும் நேராக ஜெபிக்க முழங்கால்படியிடுவாராம். முதல் பத்து நிமிடம், கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்துகொண்டே இருக்கும். உண்மையான ஜெபம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பிறகு முறையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, ஒவ்வொரு வசனமாக நிதானமாக வாசித்து, இது என் ஆத்துமாவுக்கு என்ன கொடுக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். சில நிமிடங்களிலேயே அது தானாக அறிக்கையாகவோ நன்றியாகவோ மன்றாட்டாகவோ மாறியது. அலைச்சல் பெரும்பாலும் நின்றது.

முல்லர் கண்டுபிடித்தது புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசிய மடாதிபதி இதை நான்கு படிகளாக எழுதியிருக்கிறார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுளின் முன் வெறுமனே இருத்தல். பாப்பரசரோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு பிளைமவுத் பிரதரன் சபைக்காரர் அதே ஏணியைத் தன் பாட்டில் போட்டு ஏறினார் என்பதுதான் சுவாரசியம்.

இஞ்ஞாசியார் இந்த வாசிப்புக்குக் கண்ணும் காதும் கொடுத்தார். 1521-இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துப் படுக்கையில் கிடத்திய படைவீரர் அவர். மறு ஆண்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது உருவாகத் தொடங்கிய அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548-இல் பாப்பரசர் ஒப்புதல் தந்தார். சுவிசேஷக் காட்சிக்குள் நீயே நுழைந்து போ, யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார், பிறகு ஒரு நண்பனிடம் பேசுவதுபோல் கர்த்தரிடம் பேசு என்பது அதன் போக்கு.

இப்படிக் கற்பனையைப் பழக்கினால் என்ன ஆகும் என்பதை மானுடவியலாளர் தான்யா லூர்மன் சோதித்தே பார்த்தார். அமெரிக்காவின் வைன்யார்டு சபைகளில் ஆண்டுக்கணக்கில் மக்களோடு இருந்து 2012-இல் அவர் எழுதிய நூல் பரவலாகப் பேசப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட விசுவாசிகளை அவர் பிரித்தார்; ஒரு சாராருக்குச் சுவிசேஷக் காட்சிகளைக் கற்பனை செய்து ஜெபிக்கும் ஒலிப்பதிவு, இன்னொரு சாராருக்குச் சுவிசேஷங்களைப் பற்றிய விரிவுரை. நாளுக்கு அரை மணி நேரம், நான்கு வாரம். ஜெபித்தவர்களின் மனக்காட்சிகள் கூர்மையாயின; தேவன் தங்களோடு இருப்பதை ஓர் ஆளின் அருகாமைபோல் உணர்ந்ததாக அவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். தேவன் இருக்கிறாரா என்பது பற்றி லூர்மன் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் காட்டியது, ஜெபம் பழகப் பழக வரும் ஒன்று, சிலருக்கு அது எளிதில் வரும், சிலருக்குப் பாடுபட்டாலும் மெதுவாகத்தான் வரும் என்பது. ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே’ என்று குற்றவுணர்வில் குமையும் விசுவாசிக்கு இந்த முடிவு பெரிய ஆறுதல். விசுவாசக் குறைவு என்று போதகர் சொல்லும் சில விஷயங்கள் சுபாவ வேறுபாடாக மட்டுமே இருக்கலாம்.

அலைச்சலைவிடக் கடினமானது வறட்சி. அதைப் பற்றி யாரும் அவிலாவின் தெரேசா அளவுக்கு வெளிப்படையாகப் பேசியதில்லை. 1515-இல் பிறந்து, கார்மேல் சபையைச் சீர்திருத்தி, ஸ்பெயின் முழுக்க வண்டியிலும் கோவேறு கழுதையிலும் அலைந்து மடங்கள் கட்டியவர். சில ஆண்டுகள் ஜெபத்தில் இருக்கும்போது, நினைக்க வேண்டியதை நினைப்பதைவிட எப்போது மணி அடிக்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்ததுதான் அதிகம் என்று தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் ஜெபத்தில் உட்காரவே துணியவில்லை என்றும் சொல்கிறார். பின்னாளில் திருச்சபையின் மறைவல்லுநராக 1970-இல் அறிவிக்கப்பட்டவர் இவர்.

ஜெபத்தின் வளர்ச்சியைச் சொல்ல அவர் கையாண்ட உவமை தமிழ் நிலத்துக்கு அப்படியே பொருந்தும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நான்கு வழி. முதலாவது, கிணற்றிலிருந்து கையால் இறைப்பது. தோள் வலிக்கும், கிடைக்கும் நீர் கொஞ்சம், சில சமயம் கிணறே வற்றிப்போகும். இரண்டாவது, வாளிகள் கோத்த சக்கரத்தைச் சுற்றி இறைப்பது. பாடு குறையும், நீர் கூடும். மூன்றாவது, வாய்க்கால். நான்காவது, மழை, தோட்டக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பலர் இதை ஒரு பதவி உயர்வுப் பட்டியலாக வாசிக்கிறார்கள். தெரேசா அழுத்திச் சொல்வது வேறு. கிணற்றில் நீரே இல்லாத நாளிலும் வாளியை இறக்குகிறவன் தன் கடமையைச் செய்துவிட்டான். தோட்டம் அவனுடையது அல்ல, எஜமானுடையது. மழையை வரவழைக்க ஏதாவது உத்தி உண்டா என்று கேட்டால் இல்லை என்பதே அவர் பதில்.

அவரோடு உழைத்த சிலுவை யோவான் வறட்சியை இன்னும் துல்லியமாகப் பிரித்தார். சீர்திருத்தத்தை எதிர்த்த சொந்த சபைக்காரர்களே அவரை 1577 டிசம்பரில் பிடித்து, தொலேதோவில் ஓர் இருட்டறையில் ஒன்பது மாதம் அடைத்துவைத்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பினார். ஆகவே ‘இருண்ட இரவு’ அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த தத்துவம் அல்ல. ஒருவரின் ஜெபம் வறண்டுபோனதற்குக் காரணம் சோம்பலா, உடல்நலக் குறைவா, தேவனே அடுத்த நிலைக்கு அழைக்கிறாரா? இதை அறிய அவர் மூன்று அடையாளம் சொல்கிறார். தேவ காரியங்களில் மட்டுமல்ல, வேறு எதிலுமே சுவை இல்லாமை. தேவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையோ என்ற ஓயாத கவலை. முன்போல் கற்பனை செய்து தியானிக்க முடியாமை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஜெபத்தில் சுவையில்லை, ஆனால் சீட்டாட்டத்தில் சுவை இருக்கிறது என்றால் அது இருண்ட இரவு அல்ல!

இஞ்ஞாசியாரின் ஆலோசனை படைவீரருக்கே உரியது. வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. ஒரு மணி நேரம் ஜெபிப்பதாக வைத்திருந்தால், வறண்ட நாளில் அந்த ஒரு மணியோடு இன்னும் சற்று நேரம் கூட்டி இரு.

கொல்கத்தாவின் அன்னை தெரேசா இந்த வறட்சியை வாழ்ந்தே காட்டினார் என்பது 2007-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு வெளியான அவருடைய கடிதங்கள், சேரிகளில் பணி தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை அவர் உணரவேயில்லை என்று காட்டின. நடுவில் 1958-இல் ஒரு சிறு இடைவேளை மட்டும். பத்திரிகைகள் சில, அன்னைக்கு விசுவாசமே இல்லை என்று தலைப்புப் போட்டன. அவர் தினமும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கப் போய்க்கொண்டேதான் இருந்தார். 1961-இல் ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குரு, இந்த இருள் உங்கள் பணியின் ஆன்மிகப் பக்கம் என்று விளக்கியபிறகு அந்த இருளோடு அவர் சமாதானமானார். இருள் விலகவில்லை. விளக்கம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜெபத்துக்குக் கிடைக்கும் பதில்களைக் கணக்கிட முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. தமக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 விழுக்காடும் ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 விழுக்காடும் சிக்கல்கள் ஏற்பட்டன. நிச்சயமாக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 விழுக்காடு. ஜெபிக்க ஆள் வைக்கும் அளவுக்கு நிலைமை மோசமா என்ற பதற்றமே காரணமாக இருக்கலாம் என்று சிலர் ஊகித்தார்கள். நாத்திகர்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆனால் முன்பின் தெரியாத நோயாளியின் முதற்பெயரை வைத்துக்கொண்டு, கொடுக்கப்பட்ட வாக்கியத்தை ஒப்பிப்பதற்கும் மகனுக்காகத் தாய் மன்றாடுவதற்கும் உள்ள தூரத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை. தேவனைச் சோதனைக் குழாயில் அடைக்கப் பார்த்தது முதல் தவறு என்று சொன்ன இறையியலாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தமிழ் மண்ணில் கிறிஸ்தவ ஜெபத்துக்குத் தனி வரலாறே உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த சவேரியார், விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் உள்ளூர்க்காரர் துணையோடு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு பரதவர் ஊர்களில் நடந்தார். பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். அடுத்த தலைமுறையில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தயாரித்து 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். பதினாறே பக்கம், கிறிஸ்தவர்கள் அறிய வேண்டிய போதனையும் ஜெபங்களும் அதில் இருந்தன. பிறகு தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் ஜெபத்தைக் கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் ஏற்றினார். இன்றும் தென் தமிழகத்தின் வீடுகளில் மாலை விளக்கேற்றியபின் நடக்கும் குடும்ப ஜெபம் ஒரு கீர்த்தனையோ பாமாலையோ இல்லாமல் தொடங்குவது அபூர்வம். பாட்டு, ஓர் அதிகாரம், அப்பாவின் ஜெபம், கடைக்குட்டியின் ‘ஆமென்’. பெனடிக்ட் ஒழுங்கின் சுருங்கிய வீட்டு வடிவம் இது என்று சொன்னால் மிகையில்லை.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் இன்னொரு பாதையைக் காட்டினார். 1931-இல் ஒரு குழிக்குள் தவறி விழுந்தபின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். குணமடைய வேண்டிச் சுற்றியிருந்தவர்கள் ஜெபித்தும் குணமாகவில்லை. அந்த அறையிலிருந்துதான் பிற நோயாளிகளுக்கான அவருடைய நூல்கள் வந்தன. ஜெபத்தின் ஆழத்தைப் பதிலால் அளக்கும் சாட்சிக் கூட்டத்தில் இந்த வாழ்க்கையை எங்கே வைப்பது?

காவிரிக் கரையில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950-இல் ஜூல் மோன்ஷனேன், ஆன்ரி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் என்று பெயர் ஏற்ற லெ சோ திருவண்ணாமலைக் குகைகளில் மௌனத்தில் இருந்தவர். 1968-இல் அங்கே வந்த பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் அது உலகமெங்கும் அறியப்பட்டது. காவி உடை, தரையில் சம்மணமிட்டு வழிபாடு, நீண்ட மௌனம். இது மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்று இந்துக்கள் தரப்பில் சிலர் குற்றம்சாட்டினார்கள். கிறிஸ்துவை அத்வைதத்தில் கரைக்கிறார்கள் என்று கிறிஸ்தவர்கள் சிலர் குற்றம்சாட்டினார்கள். மேலைநாட்டில் ஜான் மெயின், மலாயாவில் ஓர் இந்துச் சுவாமியிடம் பெற்ற பழக்கத்தைக் கசியானின் ஒற்றை வசன ஜெபத்தோடு இணைத்துத் தியானக் குழுக்களைத் தொடங்கியபோதும் இதே சந்தேகம் எழுந்தது. 1989-இல் வத்திக்கான் வெளியிட்ட ஒரு கடிதம், கீழை முறைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளவில்லை. அமைதி உணர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தது. சத்தமான ஜெபத்தில் பொங்கும் உணர்ச்சிக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மௌனம் ஆனாலும் அந்நிய பாஷை ஆனாலும், உணர்வு வந்ததா என்பது சான்று ஆகாது.

எது சான்று? அவிலாவின் தெரேசா 1577-இல் எழுதிய ‘உள்மனக் கோட்டை’யில் ஏழு மாளிகைகள் வழியே ஆத்துமாவை அழைத்துப்போகிறார். பாதி வழியில் ஓரிடத்தில் நின்று, நாம் தேவனை நேசிக்கிறோமா என்று உறுதியாக அறிய முடியாது, ஆனால் பிறனை நேசிக்கிறோமா என்று அறியலாம் என்கிறார். ஜெபத்தில் கிடைத்த இனிமை கலைந்துவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருக்கும் கன்னியர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. நோயுற்ற சகோதரி ஒருத்திக்கு உதவி தேவையென்றால் அந்த இனிமையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போ என்கிறார்.

நடைமுறையில் தமிழ்ச் சபைகளில் குறைவாக இருப்பது முறைகள் அல்ல, கேட்டுச் சொல்ல ஆள். இஞ்ஞாசியாரின் முப்பது நாள் பயிற்சியில் வழிநடத்துபவரோடு தனியே பேசும் நேரம் உண்டு. அங்கே அவர் பிரசங்கம் செய்வதில்லை. இன்று ஜெபத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறார். கத்தோலிக்கத் தியான இல்லங்களில் இந்த வசதி ஓரளவு இருக்கிறது. சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபைகளில் போதகரிடம் ஜெபக்குறிப்புக் கொடுக்கலாம், தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லலாம். ‘ஆறு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை, ஐயா’ என்று சொல்ல இடம் குறைவு. சொன்னால், பாவம் ஏதாவது இருக்கிறதா என்ற விசாரணைதான் பெரும்பாலும் முதலில் வரும். சிலுவை யோவானின் மூன்று அடையாளங்களைப் போதகர் ஒருவர் அறிந்திருந்தால், எத்தனையோ பேருக்குத் தேவையற்ற குற்றவுணர்வு மிஞ்சாது.

கேட்க ஆள் இருந்தால் எதிர்பாராததும் வெளியே வரும். அவிலாவின் தெரேசாவுக்குத் தெரிந்த ஒரு முதிய கன்னி இருந்தார். மற்றவர்களைப்போல் தன்னால் தியானிக்க முடியவில்லை, வாய் ஜெபம் மட்டும்தான் வருகிறது என்று வருந்தி அவரிடம் வந்தார். அப்படியானால் என்ன ஜெபிக்கிறீர்கள் என்று தெரேசா விசாரித்தார். கர்த்தர் கற்பித்த ஜெபம்தான். அதையே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். விசாரித்துக்கொண்டே போனபோது, அந்த ஜெபத்திலேயே அவர் மிக உயர்ந்த நிலையை அடைந்திருந்தது தெரேசாவுக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது.